முதுமையில் அறிவுத் தளர்ச்சியும் அதனை அளந்தறியும் முறையும்

மக்கள் மூப்பெய்துங்கால் கண் மங்குவதும், செவி மந்தமாவதும், நடை தளர்வதும் எவரும் அறிந்தனவே. நினைவும் அவற்றோடொப்பச் சிறிது தளர்கின்றது. ஆயின், கண்ணிற்கு மூக்குக்கண்ணாடியும் நடைக்கு ஊன்றுகோலும் தேடிக் கொடுக்கும் நம் வீட்டார், முதியவரின் நினைவு தளருங்கால் செய்வதறியாது மயங்குகின்றனர். "வயதானால் அப்படித்தான்" என்று கூறி வாளாவிருப்பார் ஒரு சாரார். "புத்தி பேதலித்துவிட்டது" என்று துணிந்து, அவர் சொல்லைச் செவிமடாதும், அவரைக் கேளாமலே அவர் பொருளைப் பங்கிட்டும் ஒழுகுவார் மற்றொரு சாரார். முன்னையோர் தீர்க்கத்தக்க நோயையும் தீராது விடுகின்றனர். பின்னையோர் நோயில்லாதாரையும் நோயாளராக்குகின்றனர். இவ்விரு பிழையினின்றும் தப்புதற்கு ஓர் அளவுகோல் இன்றியமையாதது. மருத்துவ நூலார் அத்தகைய அளவுகோல்கள் பலவற்றை வகுத்துள்ளனர். அவை எவ்வாறு தோன்றின, எதனை அளக்கின்றன, எங்கே தவறுகின்றன, அத்தவற்றை நீக்கும் வழி யாது என்பனவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சி நம் நாட்டிற்குப் புறம்பானதன்று. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு தொடங்கி நிகழ்ந்த லாசி-டாட் என்னும் பேராய்வு, 60 வயதும் அதற்கு மேலும் உடையாருள் நூற்றுக்கு 7.4 பேர், அஃதாவது ஏறத்தாழ 88 இலட்சம் மக்கள், டிமென்ஷியா என்னும் அறிவுத் தேய்வு உற்றவர் எனக் கணித்தது. இத்துணைப் பேர் உள்ள நாட்டில், அளவுகோல் சிறிது வளைந்திருப்பினும் அதனால் விளையும் தீங்கு பெரிதாம்.

இயல்பான மறதியும் நோயின் மறதியும்

முதற்கண் இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். முதியவர் ஒருவர் பழைய நண்பரின் பெயரை உடனே சொல்ல மாட்டாது, சிறிது நேரங் கழித்து நினைவு கூர்வாராயின், அஃது இயல்பான மறதியே. சாவியை வைத்த இடம் மறந்து, தாம் சென்ற வழியை எண்ணித் தேடிக் கண்டெடுப்பாராயின், அதுவும் அன்னதே. உணவு உண்டதையே மறந்து மீண்டும் உணவு கேட்டல், பன்னாட் பழகிய தெருவில் வழி தப்புதல், நாற்பதாண்டு செய்துவந்த சமையலில் அடுத்துச் செய்வது யாதென்று திகைத்தல், கேட்ட வினாவையே அரை நாழிகைக்குள் பலமுறை கேட்டல் ஆகிய இவை இயல்பான மறதியின் பாற்படா.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையும் ஒன்றுண்டு. பரீட்சையில் நினைவுக் குறைவு காணப்படினும் அன்றாட வாழ்க்கையைத் தாமே நடத்த வல்லராயிருப்பார் நிலை அது. அந்நிலையினர் அனைவரும் டிமென்ஷியாவை அடைவதில்லை. சிலர் அந்நிலையிலேயே நிற்பர். சிலர் தேறியும் விடுவர். ஆதலின் ஒரு நாட் செய்த சோதனையைக் கொண்டு ஒருவரது எதிர்காலத்தை முடிவு கட்டுதல் தகாது.

முதல் நோயாளியும் இரண்டு சாட்சிகளும்

1901ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மனி நாட்டுப் பிராங்பர்ட் நகரின் மனநோய் மருத்துவமனையில் ஆகஸ்டே என்னும் 51 வயதுடைய அம்மை ஒருத்தி சேர்க்கப்பட்டாள். அவளைச் சோதித்த மருத்துவர் அலாயிஸ் அல்ஸைமர் என்பார். அவர் அவளை எளிய வினாக்களே வினவினார். பெயர் யாது, கணவர் பெயர் யாது, இவ்விடம் எவ்விடம் என்று கேட்டு, விடைகளைச் சொன்னபடியே எழுதி வைத்தார். நண்பகலில் அவள் பூக்கோசும் பன்றியிறைச்சியும் உண்டுகொண்டிருக்கையில், உண்பது யாதென்று கேட்க, கீரை என்று விடை கூறினாள். அவள் 1906ஆம் ஆண்டு இறந்த பின்னர் அவள் மூளையை நுணுகி ஆராய்ந்து, தாம் கண்ட மாறுதல்களை அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் ட்யூபிங்கன் நகரத்து மருத்துவர் கூட்டத்தில் அல்ஸைமர் எடுத்துரைத்தார். 1910ஆம் ஆண்டில் கிரேப்பெலின் என்பார் தம் நூலில் அந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரையே சூட்டினார். அவ்வம்மையைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் நெடுங்காலம் காணாது போய், 1995ஆம் ஆண்டில் பிராங்பர்ட்டிலேயே மீண்டுங் கிடைத்தன.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவளிடத்து மாறுதல் நேர்ந்ததை முதலில் அறிந்தவர் மருத்துவரல்லர், அவள் கணவரே. வீட்டு வேலையிற் பிழைகள் மிகுந்ததையும், முன்னில்லாத ஐயுறவு அவள்பாற் புகுந்ததையும் அவரே கண்டு கூறினார். நோயாளியின் விடை ஒரு சாட்சி. உடன் வாழ்வார் கூற்று மற்றொரு சாட்சி. இவ்விரண்டும் முதலிலிருந்தே இத்துறையில் அமைந்துள்ளன.

1968ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தில் பிளெஸ்ஸெட், டாம்லின்ஸன், ராத் என்னும் மூவர் இவ்விரு சாட்சிகளையும் எண்களாக்கினர். நினைவு, செய்தியறிவு, மனவொருமை ஆகியவற்றை முதியவரிடமே வினவியறிந்து ஓர் எண் இட்டனர். அவர் உண்ணல், உடுத்தல், வீட்டுப் பணி, பணங் கையாளுதல் முதலியவற்றில் எவ்வாறு உள்ளார் என்பதை உறவினரிடம் வினவி மற்றோர் எண் இட்டனர். இறந்த பின் மூளையிற் காணப்பட்ட படிவுகளின் தொகையோடு இவ்வெண்களை ஒப்பிட்டபோது, படிவு மிகுந்தார்க்குத் தளர்ச்சியும் மிகுந்திருந்தமை புலனாயிற்று. வெறும் வினாவிடையாலும் மூளையின் நிலையை ஒருவாறு உய்த்துணரலாம் என்னும் நம்பிக்கை இதனால் வேரூன்றியது.

முப்பது எண் பரீட்சை

1975ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மார்ஷல் போல்ஸ்டீன், ஸூஸன் போல்ஸ்டீன், பால் மக்ஹ்யூ என்னும் மூவர் நோயாளியின் படுக்கையருகிருந்தே சில நிமிடங்களில் நடத்தக்கூடிய ஒரு பரீட்சையை வெளியிட்டனர். மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன் என்பது அதன் பெயர். சிறு மனநிலைப் பரீட்சை என நாம் வழங்கலாம். உலகில் இதனினும் மிகுதியாகக் கையாளப்பட்ட அறிவுச் சோதனை இல்லையெனல் மிகையாகாது.

இதன் முழு மதிப்பெண் 30. அவை பகுக்கப்பட்டுள்ள முறை வருமாறு. காலம் அறிதற்கு 5, இடம் அறிதற்கு 5. மூன்று பொருள்களின் பெயரைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுதற்கு 3. 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்து வருதற்கு 5. முன்சொன்ன மூன்று பெயரையும் சிறிது நேரங் கழித்து நினைவு கூர்தற்கு 3. காட்டிய இரண்டு பொருளுக்குப் பெயர் கூறுதற்கு 2. ஒரு தொடரைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லுதற்கு 1. மூன்று செயல்களை ஏவியபடி முறையே செய்தற்கு 3. எழுதியதைப் படித்து அவ்வாறே செய்தற்கு 1. தாமே ஒரு வாக்கியம் எழுதுதற்கு 1. ஓர் உருவத்தைப் பார்த்து வரைதற்கு 1. இவற்றுள் 24உம் அதற்கு மேலும் பெற்றார் நன்னிலையினர் எனவும், 23உம் அதற்குக் கீழும் பெற்றார் ஐயத்திற்கு இடமானவர் எனவும் கொள்ளும் வழக்கம் பரவிற்று.

எழுதப்படிக்க அறியாத பாட்டி ஒருத்தி இப்பரீட்சைக்கு உட்படுகின்றாள் எனக் கொள்வோம். அவள் நினைவு மாசற்றது, அறிவு கூர்மையுடையது. ஆயினும் படித்தற்குரிய 1, எழுதுதற்குரிய 1, எழுதுகோல் பிடித்து வரைதற்குரிய 1, ஏட்டுக் கணக்கிற்குரிய 5 ஆக 8 எண்களை அவள் இழத்தல் கூடும். முப்பதில் எட்டுப் போக எஞ்சுவது 22. மற்றெல்லாவற்றிற்கும் பிழையற விடை கூறியும் அவள் ஐயத்திற்குரியார் வரிசையிற் சேர்க்கப்படுவாள். பள்ளிக்கூடம் செல்லாமை என்னும் ஒன்றே அவளை நோயாளியாக்கிவிடுகின்றது.

இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்க நாட்டில் வயது வந்தோர் 18,056 பேரிடம் இப்பரீட்சை நடத்திக் கண்ட முடிவுகள் 1993ஆம் ஆண்டில் வெளிவந்தன. மதிப்பெண்களை ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கும் எண்ணை நோக்கியபோது, ஒன்பது ஆண்டும் அதற்கு மேலும் பள்ளியிற் பயின்றார்க்கு அந்நடுவெண் 29 ஆக இருந்தது. ஐந்து முதல் எட்டாண்டு பயின்றார்க்கு 26. நான்காண்டும் அதற்குக் குறைவும் பயின்றார்க்கு 22. கடைசி வகுப்பினருட் பாதிப் பேர் 22உம் அதற்குக் கீழும் பெற்றனர் என்பது இதன் பொருள். அவரெல்லாரும் அறிவுத் தேய்வு உற்றவர் என்பது எவ்வாற்றானும் பொருந்தாது.

சீன நாட்டு ஷாங்காய் நகரில் முதியோரை ஆராய்ந்தவர்கள் இக்குறையை உணர்ந்து, கல்விக்குத் தக எல்லையை வேறுபடுத்தினர். பள்ளி செல்லாதார்க்கு 17, தொடக்கப் பள்ளியளவில் நின்றார்க்கு 20, அதற்கு மேற் பயின்றார்க்கு 24 என அவர் எல்லை வகுத்து, அவ்வெண்ணும் அதற்குக் கீழும் பெற்றாரையே மேலும் ஆராய்ந்தனர்.

கற்றோரிடத்து நேரும் பிழை

அளவுகோல் கல்லாதாரிடத்து மட்டுமே தவறுகின்றது என்று கருதற்க. கற்றாரிடத்து அது மறுதலையாகத் தவறுகின்றது. நாற்பதாண்டு பாடஞ் சொல்லிய ஆசிரியர் ஒருவர்க்கு மேற்கூறிய பரீட்சை சிறுபிள்ளை விளையாட்டாகும். அவரது அறிவுக் கருவூலம் பெரிது. அதிற் பெரும் பங்கு அழிந்த பின்னரும் 28 எண் பெறுதற்குப் போதியது எஞ்சி நிற்கும். வீட்டில் அவர் வரவு செலவுக் கணக்கில் மயங்குகின்றார்; கடிதத்திற்கு இரண்டு முறை விடை எழுதுகின்றார்; மனையாள் கண்டு அஞ்சுகின்றாள். பரீட்சையோ அவர் நலமுடையார் என்கின்றது.

இக்குறையைப் போக்குவதற்கு 2005ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஸியாத் நஸ்ரெத்தீன் என்பாரும் உடனாராய்ந்தோரும் மான்ட்ரியால் காக்னிட்டிவ் அசெஸ்மென்ட் என்னும் பரீட்சையை வெளியிட்டனர். சுருக்கமாக மோகா என்பர். இதற்கும் முழு எண் 30. 26உம் அதற்கு மேலும் பெறுதல் நன்னிலை. ஐந்து சொற்களை நினைவிற் கொள்ளல், கடிகாரம் வரைந்து குறித்த மணியைக் காட்டல் முதலியன இதிற் கடினமானவை. இடைப்பட்ட நிலையில் இருந்தாரை முதல் ஆய்வில் இது நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் கண்டறிந்தது. அவர்களையே பழைய பரீட்சை நூற்றுக்குப் பதினெட்டு வீதமே கண்டறிந்தது. ஆயினும் பன்னிரண்டாண்டு அல்லது அதற்குக் குறைவாகப் பயின்றார்க்கு இதில் ஒரேயோர் எண் கூட்டித் தரப்படுகின்றது. பள்ளி வாயிலையே மிதியாதார்க்கும் அவ்வொரு எண்ணே. கடிகாரம் பார்த்தறியாத ஒருவரைக் கடிகாரம் வரைக என்று ஏவி, அவர் திகைத்தலை மூளையின் குறையென்று குறித்தல் எங்ஙனம் நேரிதாகும்?

இவற்றால் நாம் அறிவது யாது? ஒருவரைப் பிறரோடு ஒப்பிடும் அளவுகோல் எதுவாயினும், கல்லாதாரைத் தாழ்த்தும். கற்றாரின் நோயை மறைக்கும். தளர்ச்சி என்னுஞ் சொல்லே முன்னிருந்த ஒரு நிலையினின்று இறங்குதலைக் குறிக்கும். ஆதலின் ஒருவரை அவரோடேயே, அஃதாவது இன்றுள்ளவரை முன்னிருந்தவரோடு, ஒப்பிடுதலே உண்மையளவை. இக்கட்டுரையின் உட்கருத்தும் இதுவே.

நம் நாட்டிற்கேற்ற முறைகள்

வடஇந்தியாவில், ஹரியானாவைச் சேர்ந்த பல்லப்கர் வட்டாரத்துச் சிற்றூர்களில் இந்திய அமெரிக்க அறிஞர் கூடி நிகழ்த்திய ஆராய்ச்சி இவ்வகையிற் போற்றத்தக்கது. அவ்வூர் முதியோரிற் பெரும்பாலார் எழுத்தறியாதவர். அவர்பொருட்டு ஹிந்தி மனநிலைப் பரீட்சை ஒன்றை வகுத்து 1995ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எழுதியதைப் படித்து அவ்வாறு செய்க என்பதற்கு மாறாக, நான் செய்வதைப் பார்த்து நீயும் செய்க என்று கூறிக் கண்ணை மூடிக் காட்டினர். ஒரு வாக்கியம் எழுதுக என்பதற்கு மாறாக, உன் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுக என்றனர். மனவொருமையை அறிதற்குக் கிழமைகளின் பெயரைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லும்படி கேட்டனர். எழுத்தை நீக்கி, எழுத்தின் பின்னுள்ள அறிவை மட்டும் சோதித்தமையே இதன் சிறப்பு.

அவ்வாராய்ச்சியாளரே 1999ஆம் ஆண்டில் அன்றாடச் செயல்களைப் பற்றிய வினாக்களையும் வெளியிட்டனர். முதியவர் உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்கின்றாரா, ஊருக்குள் வழி தப்புகின்றாரா, ஒருவரிடம் சொல்லும்படி சொல்லியனுப்பிய செய்தியைச் சேர்ப்பிக்கின்றாரா, பண்டிகைகளை நினைவிற் கொண்டுள்ளாரா என்று வீட்டாரை வினவுவதே அம்முறை. பாங்கியில் காசோலை எழுதுதலையும் தொடர்வண்டிக் கால அட்டவணை பார்த்தலையும் கேட்டிருப்பின், அச்சிற்றூராருள் எவர் தேறியிருப்பர்?

கனடாவின் மனிடோபா மாகாணத்துக் கிரீ என்னும் தொல்குடியினரிடத்தும் இத்தகைய தேவை எழுந்தது. அவர்பொருட்டு அமைத்த வினாத்தொகுதி, முதியவரிடம் கேட்கும் பகுதியையும் அவரை நன்கறிந்தாரிடம் கேட்கும் பகுதியையும் இணைத்து ஒரே முடிவு காணும். அதுவே பின்னர் நைஜீரியாவின் இபாதான் நகரிலும் பிற நாடுகளிலும் கையாளப்பட்டது.

1998ஆம் ஆண்டில் கொச்சி நகரில் 10/66 என்னும் பெயருடைய ஆராய்ச்சிக் குழு தோன்றியது. அப்பெயரின் பொருள் சிந்திக்கத்தக்கது. டிமென்ஷியா உற்றாருள் நூற்றுக்கு 66 பேர் வளர்ந்துவரும் நாடுகளில் வாழ்கின்றனர். ஆனால் ஆராய்ச்சியில் நூற்றுக்கு 10 பங்கினுங் குறைவே அந்நாடுகளைப் பற்றியது. அக்கால நிலை அது. அக்குழுவின் இந்திய ஆய்வுகள் நம் தமிழ்நாட்டிலேயே, சென்னை நகரிலும் வேலூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் நிகழ்ந்தன. பின்னர் 2009ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர், முதியவரை வினவுவதொன்றும் வீட்டாரை வினவுவதொன்றுமாகிய சுருங்கிய வினாத்தொகுதிகளை நம் மக்கட்கென்றே அமைத்து வெளியிட்டனர். இதுவும் அவ்விரு சாட்சி முறையே.

வீட்டாரின் சாட்சி

1989ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஆன்டனி ஜார்ம் என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும் ஒரு வினாத்தொகுதி வெளியிட்டனர். அதில் முதியவரை ஒன்றுமே கேட்பதில்லை. அவரைப் பல்லாண்டு அறிந்த ஒருவரை நோக்கி, "பத்தாண்டிற்கு முன் இருந்ததற்கு இப்பொழுது எவ்வாறு இருக்கின்றார்?" என்று கேட்பர். அண்மையில் நிகழ்ந்ததை நினைவு கூர்தல், உரையாடியதை மறவாதிருத்தல், புதிய பொருளைக் கையாளக் கற்றல் முதலிய ஒவ்வொன்றிலும், மிக நலம் பெற்றார் என்பது முதல் மிகத் தாழ்ந்தார் என்பது வரை ஐந்து விடைகளுள் ஒன்றைக் குறித்தல் வேண்டும். பள்ளிப் படிப்பு இதன் முடிவைப் பெரிதும் அசைப்பதில்லை. என்னை? படித்தவரும் படியாதவரும் தத்தம் பழைய நிலையோடேயே ஒப்பிடப்படுகின்றனர் ஆதலின்.

ஆயினும் வீட்டாரின் சாட்சியும் குற்றமற்றதன்று. நம் குடும்பங்களில் முதியோர்மேல் வேலைச் சுமை வைப்பதில்லை. மருமகள் சமைக்கின்றாள், மகன் கடைக்குச் செல்கின்றான், பேரன் மருந்தெடுத்துக் கொடுக்கின்றான். பாட்டியோ திண்ணையில் அமர்ந்திருக்கின்றாள். ஒன்றுஞ் செய்ய வேண்டாதாள் ஒன்றுஞ் செய்ய மாட்டாமை எவர் கண்ணிற்படும்? அன்பே நோயை மறைக்கும் திரையாகின்றது. இத்தகைய வீட்டில், "செய்கின்றாரா?" என்று கேளாமல், "செய்யவேண்டி வரின் முன்போற் செய்ய வல்லரோ?" என்று கேட்டல் வேண்டும். கவலை மிகுந்த மகள் சிறு பிழையையும் பெரிதாக்கிச் சொல்வாள். நிலத்தின்மேற் கண் வைத்தவன் இல்லாத பிழையையும் உண்டாக்கிச் சொல்வான். ஆகவே இயலுமாயின் இருவரைத் தனித்தனியே வினவி, இரு கூற்றையும் முதியவரின் விடையோடு சேர்த்து நிறுத்தல் அறிவுடைமை.

பிற காரணங்களை விலக்குதல்

பரீட்சையும் சாட்சியும் தளர்ச்சி உண்டென்றே கூறினும், அது டிமென்ஷியாவே என்று உடனே முடிவு செய்யலாகாது. தளர்ச்சி என்பது புகை. எரிவது யாதென்று பின்னரே காண வேண்டும். தைராய்டுச் சுரப்பின் குறைவு, பி12 என்னும் வைட்டமின் குறைவு, இரத்தத்தில் உப்புச் சத்துக் குறைவு ஆகியன அறிவை மழுக்கும். மருந்தால் திருத்தம் பெறும். தூக்க மாத்திரைகளும், சளிக்கும் அரிப்பிற்கும் தரும் மருந்துகளுட் சிலவும் முதியோர் நினைவைக் குழப்பும். தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் சென்றபின் மண்டையோட்டினுள் தேங்கிய இரத்தம் மூளையை அழுத்துவதும் உண்டு.

சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ திடீரெனத் தோன்றி, காலையிற் குறைந்து மாலையில் மிகுந்து, கவனத்தை ஓரிடத்தில் நிற்கவொட்டாது அலைக்கும் குழப்பம் டிமென்ஷியா அன்று. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று முதலியவற்றால் நேரும் அதனை டெலீரியம் என்பர். அதற்குக் காலந் தாழ்த்தாது மருத்துவம் செய்தல் வேண்டும். துணையை இழந்தார்க்கு வரும் மனச்சோர்வும் மறதியைப் போலத் தோன்றும். மனஞ் சோர்ந்தவர் பெரும்பாலும் முயலாமலே "எனக்குத் தெரியாது" என்பர். அறிவுத் தேய்வு உற்றவரோ பெரும்பாலும் ஏதேனும் ஒரு விடை கூறி மறைக்க முயல்வர். இறுதியாக, செவியை மறவற்க. மூன்று சொற்களைக் கேளாதவர் அம்மூன்றையும் எங்ஙனம் நினைவு கூர்வார்?

பரீட்சை நடத்துவார்க்குச் சில குறிப்புகள்

நம் மாணவருட் பலர் பிற்காலத்தே மருத்துவராகவும் தாதியராகவும் ஊழியராகவும் பணிபுரிவர். அவர் நினைவிற் கொள்ளற்பாலன இவை. முதியவர்க்குத் தாய்மொழியிலேயே, அவர் ஊர் வழக்கிலேயே வினவுக. மூக்குக்கண்ணாடியும் செவிக்கருவியும் அணிவித்த பின்னரே தொடங்குக. ஓசையற்ற அறையைத் தேடுக. வீட்டார் அருகிருந்து விடை எடுத்துக் கொடுத்தலைத் தடுக்க. ஆங்கிலத் தேதி அறியாதாரை அதனாற் குறை கூறற்க. இது தை மாதமா மாசி மாதமா, அறுவடை முடிந்ததா, சந்தை என்று கூடும் என்று கேட்டறிந்து குறிப்பிற் சேர்த்துக் கொள்க. எத்தனையாண்டு பயின்றார், எத்தொழில் செய்தார் என்பனவற்றை மதிப்பெண்ணின் அருகிலேயே எழுதுக. ஆறு திங்களோ ஓராண்டோ கழித்து மீண்டும் அதே முறையிற் சோதித்து, இரண்டையும் ஒப்பிடுக. ஓர் எண் ஒரு நாளின் நிழற்படம். இரண்டு எண்கள் கூடினாலே போகும் திசை தெரியும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு அமைத்துக் கொள்வோம். எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி முப்பதிற்கு 20 பெறுகின்றாள். பேரப்பிள்ளைகளின் பெயரும் வயதும் அவள் நாவில் உள்ளன. பால் கணக்கு அவள் கையில் உள்ளது. பத்தாண்டிற்கு முன்னிருந்தபடியே இருக்கின்றாள் என்று மகளும் அண்டை வீட்டாரும் ஒருங்கே கூறுகின்றனர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 27 பெறுகின்றார். ஈராண்டாகச் செய்தித்தாளை விரிக்கின்றாரேயன்றிப் படித்ததைச் சொல்வதில்லை. ஓய்வூதியப் பணத்தை எண்ணுதற்கு மகனை அழைக்கின்றார். எண்ணை மட்டும் நோக்குவான் மூதாட்டியை மருத்துவமனைக்கும் ஆசிரியரை வீட்டிற்கும் அனுப்புவான். அவரவரை அவரவரோடு ஒப்பிடுவான், மேலும் ஆராயப்பட வேண்டியவர் ஆசிரியரே என்று தெளிவான்.

சட்டமும் புதிய சோதனைகளும்

இம்முடிவுகள் மருத்துவத்தோடு நில்லா, சொத்துரிமையையுந் தொடும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 59ஆம் பிரிவில், நன்மனமுடைய வயது வந்தார் எவரும் விருப்ப ஆவணம் எழுதலாம் என்று கூறி, பெரும்பாலும் சித்தங்கலங்கியிருப்பவரும் தெளிவுற்றிருக்கும் இடைக்காலத்தில் எழுதலாம் என்று விளக்குகின்றது. சட்டம் கேட்பது, அந்நேரத்தில் அச்செயலை உணர்ந்து செய்தாரா என்பதே. இன்ன எண்ணுக்குக் கீழ்ப் பெற்றார்க்கு உரிமையில்லை என்று அது யாண்டுங் கூறவில்லை. ஆகவே மதிப்பெண் தாளைக் காட்டி ஒரு முதியவரின் சொல்லுரிமையைப் பறித்தல் மருத்துவத்திற்கும் பொருந்தாது, சட்டத்திற்கும் பொருந்தாது.

இக்காலத்தில் மூளைப் படிவுகளை உயிருள்ளபோதே படமெடுத்துக் காண்கின்றனர். 2025ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து ஆட்சியினர், 55 வயதும் அதற்கு மேலும் உடையராய் நோய்க்குறி தோன்றியவர்க்கு அல்ஸைமர் படிவுகளை அறிய உதவும் இரத்தச் சோதனை ஒன்றிற்கு இசைவளித்தனர். இனி வினாவிடை எதற்கு என்று சிலர் கருதலாம். அற்றன்று. படிவுகள் இருந்தும் இறுதிவரை அறிவு தளராது வாழ்ந்தார் உளர். இரத்தம் மூளையிலுள்ள பொருளைக் கூறும். அம்மனிதர் அடுப்பை அணைக்க மறந்தாரா என்பதைக் கூறாது. அதனை அவரும் அவரோடு வாழ்வாருமே கூற வல்லர்.

இதுகாறுங் கூறியவாற்றால், அறிவுத் தளர்ச்சியை அளத்தற்கு வேண்டுவன மூன்று என்பது பெறப்படும். முதியவரின் கல்விக்கும் மொழிக்கும் ஏற்ற பரீட்சை ஒன்று; அவர் பழைய நிலையை அறிந்தாரின் நேர்மையான சாட்சி ஒன்று; தீர்க்கத்தக்க பிற நோய்களை விலக்கும் மருத்துவ ஆராய்ச்சி ஒன்று. இம்மூன்றும் ஒருங்கு கூடாத முடிவு உறுதியுடையதன்று. நம் மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பாட்டியாரைப் பரீட்சிக்கத் தொடங்க வேண்டா. அவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் இளமையில் எவ்வாறிருந்தார், எவ்வேலையில் வல்லவர், எக்கணக்கைக் கையாண்டார் என்பனவற்றைக் கேட்டறிந்து வைப்பாராக. பின்னொரு நாள் மருத்துவர், "முன்பு எப்படி இருந்தார்?" என்று வினவுங்கால், விடை கூறத் தகுதியுடையார் ஒருவராவது அவ்வீட்டில் இருத்தல் வேண்டும். அவ்விடையே மருத்துவர் கையிலுள்ள எண்ணுக்குப் பொருள் தருவதாம்.